முந்திரிக்கொல்லையில் வெளிநாட்டுக் குடித்தனம்

1961 ஆகஸ்ட் 13 அன்று பெர்லின் நகரத்தின் குறுக்கே முள்கம்பி இழுத்தார்கள். கொஞ்ச நாளில் அது சுவராகவும் எழுந்தது. அதே ஆகஸ்ட் மாதம், பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் இருக்கும் நெய்வேலியில், ஐம்பது மீட்டருக்கும் மேலான செம்மண்ணையும் மணற்பாறையையும் அள்ளிக் கொட்டிவிட்டுப் பழுப்பு நிலக்கரியை முதன்முதலாக வெயிலுக்குக் காட்டினார்கள். தோண்டியது மேற்கு ஜெர்மனி இயந்திரம். அந்தக் கரியை எரிப்பதற்காகப் பக்கத்திலேயே எழும்பிக்கொண்டிருந்தது சோவியத் நாட்டு அனல்மின் நிலையம். ஐரோப்பாவில் சுவர் வைத்துக்கொண்டு முறைத்த இரு தரப்பின் ஆட்களும் தென்னாற்காடு மாவட்டத்து முந்திரிக்கொல்லையில் ஒரே ஊர்த் தண்ணீரைக் குடித்து, ஒரே புழுதியைத் துடைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

நெய்வேலியின் வரலாற்றை மெகாவாட்டிலும் டன்னிலும் சொல்வதுதான் வழக்கம். ஆண்டு விழா மலர்களைப் புரட்டினால் அதுதான் கிடைக்கும். வெளிநாட்டு வல்லுநர் எங்கே குடியிருந்தார், எதைச் சாப்பிட்டார், ஞாயிற்றுக்கிழமையை எப்படித் தள்ளினார் என்பதெல்லாம் மலரில் ஏறாத சங்கதிகள். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ‘வளர்ச்சி உதவி’ என்று ஒரு தொழில் உலகமெங்கும் கிளம்பியபோது, அதைத் தூக்கி நிறுத்தியதும் கவிழ்த்ததும் பெரும்பாலும் இந்தச் சில்லறைச் சங்கதிகள்தான்.

வெளியூர்க்காரர் வந்து குடியேறுவது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. 1690இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கி உட்கார்ந்தது ஆங்கிலேயக் கம்பெனி. 1840களில் நெல்லிக்குப்பத்துக்குப் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை வந்தது. நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவே இருக்கும் மேல்பட்டாம்பாக்கத்தில் 1860களின் தொடக்கத்தில் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் நிலம் வாங்கிக் குடியேறினார். திருச்சபைக்குள் சாதி பார்ப்பதை ஏற்க முடியாமல் லைப்சிக் மிஷனை விட்டு வெளியேறியவர் அவர். சில ஆண்டுகளில் டென்மார்க் மிஷன் சங்கம் அவரைத் தன் ஆளாக ஏற்றுக்கொண்டது. தென்னாற்காட்டில் டேனிஷ்காரர்களின் பள்ளிக்கூடங்களும் மருத்துவமனைகளும் அப்படித்தான் வேர்விட்டன. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. வந்தவர்கள் பல ஆண்டுகள் இருந்தார்கள். பாதிரியார் என்றால் தமிழ் படித்தே தீர வேண்டும். பிரசங்கத்தை இன்னொருவர் வாயால் செய்ய முடியாது. சிலருடைய கல்லறையும் இங்கேயே இருக்கிறது.

நெய்வேலிக்கு வந்தவர்களின் கணக்கு வேறு. அவர்கள் ஒப்பந்தத்தில் வந்தார்கள், ஒப்பந்தம் முடிந்ததும் போனார்கள்.

வருவதற்குக் காரணமான கரியைக் கண்டுபிடித்தது எந்த வெளிநாட்டு வல்லுநரும் அல்ல. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தானாகப் பொங்கிய ஊற்றோடு கரிய பொருள் ஒன்றும் வெளியே வந்தது. அதை அவர் சும்மா விடவில்லை. அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். பின்னாளில் திட்டத்துக்காகத் தன்னுடைய 600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் கொடுத்தார் என்று இன்றும் ஊரில் சொல்வார்கள். 1940களில் துளையிட்டுப் பார்க்கும் வேலை தொடங்கியது. சுரங்கப் பொறியாளர் எச்.கே. கோஷ் அதை விரிவாக நடத்தினார். அமெரிக்கச் சுரங்கத் துறையின் பால் ஐரிச் வந்து பார்த்தார். லண்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் திட்ட அறிக்கை எழுதியது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் பிறந்தது. 1957 மே 20 அன்று, அக்னி நட்சத்திர வெயிலில், நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார்.

அதே 1957 நவம்பரில் சோவியத் நாடு இந்தியாவுக்கு 50 கோடி ரூபிள் கடன் தர ஒப்புக்கொண்டது. வட்டி இரண்டரை சதவீதம், தவணை 12 ஆண்டு. ராஞ்சியின் கனரக இயந்திரத் தொழிற்சாலையோடு நெய்வேலி அனல்மின் நிலையமும் அந்தப் பட்டியலில் இருந்தது. சோவியத் தலைவர்கள் குருஷ்சேவும் புல்கானினும் மெட்ராஸுக்கு வந்து மாலை வாங்கிக்கொண்டு போய் இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம். ஆளும் இயந்திரமும் வந்து சேர்ந்தன. 1962 மே மாதம் முதல் 50 மெகாவாட் அலகு ஓடியது. 1970இல் ஒன்பதாவது அலகும் சேர்ந்து மொத்தம் 600 மெகாவாட் ஆனது. ஆக, ரஷ்யர்களின் போக்குவரத்து ஏறக்குறைய முழுசாக ஒரு பத்தாண்டு நீடித்தது.

இந்தப் பத்தாண்டும் மதராஸ் மாநிலத்தில் மதுவிலக்கு. 1948இல் மாநிலம் முழுக்க வந்த தடை 1971இல்தான் தளர்ந்தது. அதாவது முதல் கடப்பாரை விழுந்ததிலிருந்து கடைசி அலகு ஓடிய நாள்வரை, வோட்கா நாட்டு ஆட்களும் பீர் நாட்டு ஆட்களும் சட்டப்படி வறண்ட ஒரு மாவட்டத்தில் குடியிருந்தார்கள். வெளிநாட்டாருக்கு பர்மிட் முறை இருந்தது என்பது உண்மை. ஒரு பாட்டிலுக்கு அரசாங்க முத்திரை குத்திய காகிதத்தை நீட்ட வேண்டிய நிலைமையை, கொதிகலன் பொருத்த வந்த ஆளுக்கு மொழிபெயர்ப்பாளர் எப்படி விளக்கியிருப்பார் என்பதைக் கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும். இன்னொரு வழியும் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து வந்த பாண்டிச்சேரி, கடலூரைத் தாண்டினால் எட்டிவிடுகிற தூரம். அங்கே மதுவிலக்கு இல்லை. தென்னாற்காட்டுக்காரர்களுக்கு அந்தச் சாலை ஏற்கெனவே நன்றாகத் தெரியும்.

வெயிலுக்கு பர்மிட் கிடையாது. சித்திரை, வைகாசியில் இந்தச் செம்மண் மேட்டில் நிழல் என்றால் பலா மரத்தடிதான். முந்திரி தரையோடு தரையாகப் படரும், அதன் கீழே குனிந்துதான் போக வேண்டும். அந்த வெயிலோடு கொதிகலனின் சூட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐப்பசியில் மழை பிடித்தால் இதே மண் சக்கரத்தை விழுங்கும் சேறாகும். மானாவாரி மல்லாட்டையும் கம்பும் விளைந்த நிலத்தில் ஐரோப்பியக் காய்கறி ஏது? ரொட்டி, வெண்ணெய், இறைச்சி எல்லாம் தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டிய பொருள்கள். அருகில் சந்தை என்றால் பண்ருட்டி. அங்கே சித்திரையிலிருந்து ஆடிவரை பலா மண்டியில் பழம் மலைபோலக் குவியும். பத்து, இருபது கிலோ எடையுள்ள ஒரு பழத்தைக் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவாமல் அறுக்கத் துணிந்த புது ஆளுக்கு, பால் ஒட்டிய விரல்களைப் பிரித்தெடுக்கவே அரை நாள் ஆகும். முந்திரிக்கொட்டையிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொத்துவிடும். பணிக்கன்குப்பத்துப் பக்கம் கொட்டை உடைக்கிற பெண்கள் கையைச் சாம்பலில் புரட்டிக்கொண்டுதான் கட்டையை எடுப்பார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்தே கிடக்கும். கடையில் வெள்ளையாக, பிறை வடிவாகக் கிடைக்கும் பருப்பை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

வெளிநாட்டில் வேலைக்குப் போனவர்களின் இந்தத் திண்டாட்டத்துக்கு ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்ற பெயரைப் பிரபலமாக்கியவரே ஓர் உதவித் திட்டக்காரர்தான். கலெர்வோ ஓபெர்க், ஃபின்லாந்து வம்சாவளி மானிடவியலாளர், பிரேசிலில் அமெரிக்காவின் தொழில்நுட்ப உதவித் திட்டத்தில் இருந்தவர். 1954 ஆகஸ்டில் ரியோ டி ஜெனிரோவில் ஒரு மகளிர் மன்றத்தில் அவர் இதைப்பற்றிப் பேசினார். கேட்டவர்களில் பலர் வேலைக்கு வந்தவர்களின் மனைவிமார். எந்நேரமும் கை கழுவுவது, குடிதண்ணீரையும் படுக்கையையும் நினைத்தே கவலைப்படுவது, வேலைக்காரர்கள் தொட்டுவிடுவார்களோ என்று கூசுவது, கொஞ்சம் தாமதமானாலும் கத்துவது, ஊர்மொழியைக் கற்கவே மாட்டேன் என்பது, வீட்டுக் காப்பிக்கு ஏங்குவது என்று அவர் அடுக்கிய அறிகுறிகளைப் படித்தால் சிரிப்பும் வரும், பரிதாபமும் வரும். காப்பிக்கு மட்டும் தென்னாற்காட்டில் யாரும் ஏங்கியிருக்க வேண்டியதில்லை.

ஓபெர்க் சொன்ன நோய்க்கு இந்தியாவில் பெரிய ஆஸ்பத்திரியாக இருந்தது ஒடிசாவின் ரூர்கேலா. ஐம்பதுகளின் கடைசியில் அங்கே எஃகு ஆலை கட்ட வந்த மேற்கு ஜெர்மானியர்கள் ஆயிரத்துக்கும் மேல். பலர் வீட்டை விட்டு முதல் முறையாக வெளிநாடு வந்த இளம் ஃபிட்டர்கள். வேலையில் சூரர்கள், மாலையில் என்ன செய்வது என்று தெரியாதவர்கள். வந்த இடத்தின் பழக்கம் என்ன என்று அனுப்பிய கம்பெனிகள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. உள்ளூராரோடு உரசல் வந்து, செய்தி ஜெர்மானியப் பத்திரிகைவரை போனது. பிறகுதான் அங்கே ஜெர்மானியர்களுக்கென ஒரு சமூக மையம் வைத்தார்கள். அதை நடத்திய யான் போடோ ஷ்பெர்லிங் பின்னர் அந்த அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார். உதவித் திட்டத்தில் மனிதர்களின் பங்கு என்ன என்று பேசும் புத்தகம் அது, 1969இல் ஆங்கிலத்திலும் வந்தது. சுரங்கத்தையும் ஆலையையும் பற்றி அலமாரி அலமாரியாக அறிக்கைகள் உள்ள துறையில், ஃபிட்டரின் மாலை நேரத்தைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து எழுதியது பெரிய காரியம்.

ரஷ்யர்களின் முறை வேறு மாதிரி. பிலாய் எஃகு ஆலைக்கு 1955 பிப்ரவரியில் போட்ட ஒப்பந்தத்திலிருந்தே அந்த முறை பழகிவிட்டது. சோவியத் அரசு ஆளை அனுப்பும், இந்தியத் தரப்பு வீடும் மருத்துவமும் போக்குவரத்தும் கொடுக்கும், கூடவே மொழிபெயர்ப்பாளர் இருப்பார். தனித்தனிக் கம்பெனி இல்லை, ஒரே மேலிடம். ஒழுங்கு அதிகம், உரசல் குறைவு. ஆனால் கூட்டமாக வந்து கூட்டமாக வாழ்ந்து கூட்டமாகவே திரும்பியவர்களுக்கு ஊரோடு ஒட்டுவதற்கு வாய்ப்பும் குறைவு. 1958இல் வந்த ‘தி அக்லி அமெரிக்கன்’ நாவல், தூதரகச் சுவருக்குள் விருந்து சாப்பிடும் அமெரிக்கர்களைக் கிழித்துத் தொங்கவிட்டபோது, எதிர்த்தரப்பின் ஆட்கள் உள்ளூர் மொழி படித்துவிட்டு வருகிறார்கள் என்றும் மெச்சியது. நாவலாசிரியர்கள் பிலாய்க்கோ நெய்வேலிக்கோ வந்திருந்தால் அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் திருத்தியிருப்பார்கள்.

எப்படிப் பார்த்தாலும், வெளிநாட்டு வல்லுநர் ஒரு ஊரில் பழகிக்கொண்டார் என்றால், அந்தப் பழக்கத்தின் பெரும்பகுதி வேலையை வேறு யாரோ செய்து கொடுத்தார்கள் என்றே பொருள். காரம் குறைத்துச் சமைக்கக் கற்றுக்கொண்ட சமையல்காரர், எந்தக் கடையில் எது கிடைக்கும் என்று அறிந்த டிரைவர், கோபத்தில் சொன்னதைப் பாதியாக்கி மொழிபெயர்த்த ஆள். இவர்களில் ஒருவர் பெயரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மேல்பட்டாம்பாக்கத்துப் பாதிரியார் தானே செய்துகொண்ட வேலையை நெய்வேலியில் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்தார்கள்.

ஆட்கள் போகட்டும், இயந்திரங்கள் பழகிய கதை இன்னும் சுவையானது. பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் என்பது ஜெர்மனியின் மெத்தென்ற மண்ணைச் சுரண்டப் பிறந்த யானை. பெரிய சக்கரத்தைச் சுற்றிலும் வாளிகள், வாளி விளிம்பில் எஃகுப் பற்கள். சுழலச் சுழல மண் வாளியில் ஏறி கன்வேயர் பெல்ட்டில் விழும். நெய்வேலியில் கரிக்கு மேலே படுத்திருந்ததோ கடலூர் மணற்பாறை. உப்புத்தாள்போல உராய்கிற, இரும்பைத் தின்கிற பாறை. பற்கள் சீக்கிரம் சீக்கிரமாகத் தேய்ந்து விழுந்தன. கடைசியில் இங்குள்ளவர்கள் பாறையை முன்கூட்டியே துளைபோட்டு வெடி வைத்துத் தளர்த்தி, பிறகு சக்கரத்தை விட்டார்கள். பல்லின் வடிவத்தையும் உலோகத்தையும் மாற்றிப் பார்த்தார்கள். இன்றைக்கு அந்த வேலை சாதாரணம். அன்றைக்கு ஜெர்மன் கையேட்டில் அதற்குப் பக்கம் இல்லை.

அடியில் தண்ணீர் வேறு காத்திருந்தது. முதலியார் கிணற்றில் பொங்கிய அதே ஊற்றுதான். கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கும் நீர், மேலே இருக்கும் பாரம் குறைந்தால் தரையைப் பிளந்துகொண்டு வரும். அதனால் சுரங்கத்தைச் சுற்றிலும் குழாய்க் கிணறு போட்டு இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டன் கரிக்குப் பல டன் தண்ணீர். நிறுத்தினால் சுரங்கம் இல்லை. அந்த இறைப்பு அறுபது ஆண்டுகளாக நிற்கவில்லை. சுற்றியுள்ள உழவர்கள் தங்கள் போர்வெல் மட்டம் இறங்குகிறது என்று முறையிடுவதும் நிற்கவில்லை.

எதிர்த்திசையிலும் ஆட்கள் போனார்கள். ஒப்பந்தங்களில் பயிற்சியும் ஒரு ஷரத்து. இங்கிருந்து பொறியாளர்கள் சோவியத் நாட்டுக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் அனுப்பப்பட்டார்கள். இட்லி இல்லாத காலையையும் கையுறை இல்லாமல் வெளியே போக முடியாத மாலையையும் அவர்கள் பழகினார்கள். தமிழ் நாவல் வாசகர்களுக்கு இன்னொரு கூட்டத்தை நன்றாகத் தெரியும். மாஸ்கோவில் பதிப்பக வேலைக்குப் போய் டால்ஸ்டாயையும் துர்கேனிவையும் தமிழில் தந்த பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் போன்றோர். கடன் கொடுத்த நாடு புத்தகமும் கொடுத்தது. மலிவு விலையில், கெட்டி அட்டையில், நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக. நெய்வேலி ரஷ்யர்களைப் பார்க்காத பண்ருட்டிக்காரர்கூட அந்தப் புத்தகங்களில் ரஷ்யக் குடும்பத்தின் சமோவாரையும் அடுப்பின் மேல் தூங்கும் கிழவனையும் அறிந்திருந்தார்.

கடனைத் திருப்பிக் கொடுத்த விதத்தில் பண்ருட்டி இன்னும் நெருக்கமாக வருகிறது. சோவியத் கடனுக்கு டாலர் தேட வேண்டியதில்லை. ரூபாயில் கட்டலாம். அந்த ரூபாயை வைத்து அவர்கள் இந்தியாவிலேயே பொருள் வாங்கிக்கொள்வார்கள். தேயிலை, சணல், தோல், காலணி. அதோடு முந்திரிப் பருப்பு. 1970களில் இந்திய முந்திரியை மிக அதிகமாக வாங்கிய நாடுகளில் ஒன்று சோவியத். அனல்மின் நிலையத்தின் தவணை ஒரு பக்கம் முந்திரியாகக் கப்பல் ஏறியது என்றால் மிகையில்லை. முந்திரிக்கொல்லையை அழித்துத்தான் அந்த நிலையம் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கொல்லையோடு ஊரும் போனது. நெய்வேலி என்ற பெயரைக் கொடுத்த பழைய கிராமம் இன்று இல்லை. வேலுடையான்பட்டு என்ற ஊரிலிருந்து முருகன் கோயில் மட்டும் தங்கியிருக்கிறது, நகரியத்துக்கு நடுவே. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்துச் சுற்றுவட்டாரமே அங்கே திரளும். வெளிநாட்டாரும் வெளியூர்ப் பொறியாளரும் வந்து இறங்க, கோடு போட்டாற்போல் சாலை, எண் போட்ட வட்டம், தகுதிக்கேற்ற குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் கட்டினார்கள். நிலம் கொடுத்தவர்கள் வேலிக்கு வெளியே மந்தாரக்குப்பம் பக்கமும் அதற்கு அப்பாலும் தாங்களே ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள். சொந்தத் தாலுகாவுக்குள்ளேயே அவர்கள் புதுக்குடியேறிகள். ஷிஃப்ட் சங்கு, கான்ட்ராக்ட், சம்பளப் பட்டியல் என்று ஒரு புது நாட்டின் வழக்கங்களை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கற்றார்கள். பண்பாட்டு அதிர்ச்சி என்ற சொல்லை யாரும் இவர்களுக்குப் பயன்படுத்தியதில்லை, இவர்களுக்கென்று ஒரு சமூக மையமும் யாரும் வைக்கவில்லை. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நிரந்தர வேலை என்ற கோரிக்கை தலைமுறை தாண்டியும் முடியவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடித்த நெல் வயலில் நெய்வேலி நிறுவனத்தின் இயந்திரம் இறங்கியபோது எழுந்த கொந்தளிப்பைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

மேற்கு ஜெர்மனி உதவியோடு நடந்த கரிக்கட்டி ஆலையின் ‘லெக்கோ’ ஒருகாலத்தில் மெட்ராஸ் வீட்டு அடுப்புகளில் எரிந்தது. அந்த ஆலையை மூடிப் பல காலம் ஆகிறது. ரஷ்யர்கள் கட்டிய முதல் அனல்மின் நிலையம் அதைவிடக் கெட்டி. முப்பது ஆண்டு ஓடினால் போதும் என்று கணக்குப் போட்டது, 2020 செப்டம்பர் 30 வரை, முதல் அலகிலிருந்து எண்ணினால் 58 ஆண்டு ஓடியது. அதற்குள் அதைக் கட்டிய நாடே உலகப் படத்தில் இல்லாமல் போயிருந்தது. உதிரி பாகத்துக்கும் பழுதுக்கும் கடைசிவரை கை கொடுத்தவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள்.

நெய்வேலி நிறுவனமும் இன்று வெளியூருக்கு ஆள் அனுப்புகிறது. ராஜஸ்தானின் பிகானேர் மாவட்டத்தில் பர்சிங்சரில் அதற்குப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் 250 மெகாவாட் மின்நிலையமும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் காட்டம்பூரிலும் ஒடிசாவின் தலபிராவிலும் வேலை நடக்கிறது. பண்ருட்டிப் பக்கத்து ஃபிட்டருக்குப் பர்சிங்சருக்கு மாற்றல் வந்தால் முதலில் விசாரிப்பது குவார்ட்டர்ஸ் கிடைக்குமா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, புழுங்கலரிசி எங்கே வாங்குவது என்பதைத்தான்.